கெபிக்குப் போன செங்கல்

மாணவியர் விடுதிக்கு ஜெர்மனி அனுப்பிய பணத்தில் செங்கல் வாங்கி, மாதா சொரூபத்துக்குக் குகை மாதிரி ஒரு கெபி கட்டிவிட்டோம். கல்லூரி ஆபீசில் குப்பை கொட்டியவர்களே, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்டுவது யாரோ, பதில் எழுதுவது நாம்.

ஃபேன்

எழுபதுகளின் கடைசி. வெளிநாட்டுப் பணத்துக்கு அரசாங்கம் புதுச் சட்டம் போட்டிருந்தது. எதற்கு வந்ததோ அதற்கே செலவழிக்க வேண்டும். அதைப் பார்க்கத் தனி மேசை. ஹெட் கிளார்க் நான் குத்துக்கல்லாக இருக்க, நேற்று வந்த அருள்மேரிக்குக் கொடுத்தார்கள். கூடவே ஒரு மேசை ஃபேன். திருச்சி வெயிலில் எனக்கு வயிறும் சேர்ந்து எரிந்தது. கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பம்மா என்றேன்.

"வெளிநாட்டுப் பணத்துல வாங்கின ஃபேன் சார். உங்க பக்கம் திருப்பினா கணக்கு உதைக்கும்."

வழக்கம்

மாதா திருவிழா நெருங்கினால் எங்கள் வளாகத்தில் கிடக்கும் செங்கல், சிமெண்ட் எல்லாம் கெபிக்குப் போய்விடும். யாரும் கேட்பதில்லை. அந்த வருஷம் கிடந்தது விடுதிச் செங்கல். நிர்வாகி ஃபாதர் அள்ளச் சொன்னார். வெளிநாட்டுப் பணத்துச் செங்கல் என்று அருள்மேரி குறுக்கே போய் நின்றாள். எனக்குச் சந்தோஷம், திட்டு வாங்குவாள் என்று. ஃபாதர் சிரித்தார்.

"மாதா என்ன வெளிநாட்டுக்காரங்களா, மேரி?"

திருமண்

கணக்குப் பார்க்க டெல்லி அனுப்பிய அதிகாரிக்குச் சொந்த ஊர் ஸ்ரீரங்கம். பெருமாளைச் சேவித்துவிட்டு, நெற்றியில் திருமண்ணோடு வந்தார். விடுதி பாதிச் சுவரில் நின்றது. கெபி பளபளத்தது. செருப்பைக் கழற்றிவிட்டு மாதாவைக் கும்பிட்டார். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

"லட்சணமா இருக்கா. ஆனா இவளுக்குன்னு யாரும் பணம் அனுப்பலையே, ஓய்!"

என் இங்கிலீஷ்

ஜெர்மனிப் பணத்தின் அடுத்த தவணை நின்றது. விடுதியை நம்பிச் சேர்ந்த துறையூர்ப் பக்கத்துப் பெண்கள் பஸ்ஸில் நசுங்கினார்கள். சிலர் படிப்பை விடப்போவதாகப் பேச்சு. நான் டெல்லிக்குப் பதில் எழுதினேன். பிரமாதமான இங்கிலீஷ். டெல்லி அசையவில்லை.

அருள்மேரி எழுதவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று, மாதா கெபிக் கணக்கில் ஒவ்வொரு வீட்டாரிடமும் கொஞ்சம் செங்கல் கேட்டாள். சைக்கிளிலும் கைவண்டியிலும் வந்து குவிந்தது. கெபிக்கு எடுத்த அளவு விடுதிக்கே திரும்பியது. அதே அதிகாரி வந்து பார்த்தார். தவணை வந்தது; கூரை ஏறியது. குடிவந்த பெண் ஒருத்தி என்னிடம் கேட்டாள்.

"இவ்வளவும் நீங்க எழுதி வாங்கினதா சார்?"

ஜெர்மனிக்காரன் பணம், டெல்லிக்காரன் சட்டம், என் இங்கிலீஷ் எல்லாம் இருந்தும் நின்றுபோன சுவரை எழுப்பியது, சொல்லித் தொலைக்கிறேன், அந்த ஃபேன்காரி அருள்மேரி.