தேவிகாபுரத்தில் ஓடிய தறி

1995 ஆவணியில் ஆரணியில் பட்டுத் தறிகள் நின்றன. கூலியை உயர்த்தாவிட்டால் தீபாவளிச் சேலைக்குத் தறிக்குழியில் கால் வைப்பதில்லை என்று சங்கம் அறிவித்துவிட்டது. சங்கச் செயலாளர் சக்கரவர்த்தி. ஆறு வயதில் தாயை இழந்த அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அக்கா அபிதகுசாம்பாள்.

அவள் புருஷன் இல்லாதவள். சேலையில் குறுக்கே ஓடும் ஊடைக்கு ராட்டையில் நூல் சுற்றித்தான் மகள் பானுப்ரியாவைப் பத்தாவதுவரை கொண்டுவந்திருந்தாள். தறி நின்றால் அவள் ராட்டையும் நிற்கும். ஆனாலும் தம்பி போராட்டப் பந்தலில், "ஒரு தறி ஓடினாலும் நம்ம எல்லார் வயித்துலயும் மண்ணு!" என்று முழங்கியபோது முதலில் கை தட்டியவள் அவள்தான்.

பக்கத்துச் சேவூரில் சங்கத்தார் கஞ்சித் தொட்டி திறந்தார்கள். அண்டாவோடு மல்லுக்கட்டியவள் அவளே. பானுப்ரியா பள்ளியை விட்டுப் பாத்திரக்கடை வேலைக்குப் போனாள்.

"மாமன் ஜெயிக்கட்டும். அடுத்த மாசமே இஸ்கூலுக்குப் போவே" என்று மகளைத் தேற்றினாள்.

முப்பத்தேழாம் நாள் அரிசி தீர்ந்தது. விவசாயிகளிடம் கேட்டுப் பார்க்கலாமென்று பக்கத்து வீட்டு ரங்கம்மாளோடு தேவிகாபுரத்துக்கு பஸ் ஏறினாள். நாலைந்து வீட்டில் படி அரிசி விழுந்தது. அடுத்த தெருவில் நுழைந்ததும் காதில் அடித்தது தறிச் சத்தம். உள்ளே ஒரு பெண் அரக்குப் பட்டு நெய்துகொண்டிருந்தாள்.

"யார் குடுத்த பாவு நூலும்மா இது?"

"ஆரணி சக்கரவர்த்தி அண்ணன் குடுத்ததுங்க. இந்தத் தெருவுல பன்னெண்டு தறி ஓடுது. ஜல்தி முடிங்கன்னு சொல்லிகினே இருக்காரு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ரங்கம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் அபிதா, வாய மூடிகினு இரு."

அவளால் முடியவில்லை. சாயங்காலம் பந்தலில் எல்லார் முன்னாலும் எழுந்து கண்டதைச் சொன்னாள். சக்கரவர்த்தி கோபப்படவில்லை, அழுதான்.

"என்னைத் தூக்கி வளர்த்த அக்காவையே முதலாளிங்க விலைக்கு வாங்கிட்டாங்களே!"

கூட்டம் அவள் பக்கம் சீறித் திரும்பியது. "ரங்கம்மா, நீயும் பார்த்தியே, சொல்லு!" என்றாள் அபிதகுசாம்பாள்.

ரங்கம்மாளின் மகன் சங்கத்து ஆபீஸில் வேலை பார்த்தான். அவள் தலை குனிந்துகொண்டாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா."

மறுநாள் அபிதகுசாம்பாள் கையால் கஞ்சி வாங்க யாரும் வரவில்லை.

பத்து நாளில், கூலி ஒரு பைசா உயராமலே, போராட்டம் முடிந்தது. வியாபாரிகளுக்குத் தேவிகாபுரத்திலிருந்து தீபாவளிச் சேலை ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது. அடுத்த வருஷம் சக்கரவர்த்தி நகராட்சித் தேர்தலில் நின்று ஜெயித்தான். மெள்ள மெள்ள தேவிகாபுரத்து சங்கதி ஊர் முழுக்கத் தெரிந்தது. "அவன் அப்படித்தான்" என்று சிரித்தார்கள். அவளிடம் வந்து ஒரு வார்த்தை சொன்னவர் ஒருவருமில்லை. பானுப்ரியா பிறகு பள்ளிக்குப் போகவேயில்லை. தம்பி பாவு கொடுக்கத் தொடங்கிவிட்ட தன் தெருவில் நூல் சுற்றப் பிடிக்காமல், அபிதகுசாம்பாள் ஒரு விசைத்தறிக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

2004இல் தன் மகளின் கல்யாணப் பத்திரிகையோடு சக்கரவர்த்தி அவள் வீட்டுக்கு வந்தான், வெள்ளை வேட்டியில், தலை நரைத்து.

"பழச மனசுல வச்சிகினு இருக்காதக்கா. நீ வந்து நிக்கலன்னா ஊர் என்னைக் கேக்கும்."

அவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"ஊருக்கு நீ எது சொன்னாலும் நம்புவாங்கடா. எனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிடு" என்றாள். அவன் வைத்த பத்திரிகையை எடுத்து அவன் கையிலேயே திருப்பி வைத்தாள்.