கூழில் கிருமி

எங்கள் சித்தப்பா டாக்டர் இல்லை. ஊரப்பாக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தார், அவ்வளவுதான். ஆனால் வீட்டில் யாருக்கு மூக்கு ஒழுகினாலும் அவர் சட்டைப் பையிலிருந்து மாத்திரை வெளியே வரும். இன்றைக்கும் அந்தப் பையை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

சதுரங்கப்பட்டினத்தில் கேழ்வரகுக் கூழ் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அப்பாவுக்குக் கம்பெனி வேலை கிடைத்து ஊரப்பாக்கம் வந்த முதல் நாளே சித்தப்பா கூழ்ப்பானையை மோந்து பார்த்தார்.

"இன்னா அண்ணி, புளிச்சிப் போயி கீது? அத்தினியும் கிருமி!"

"புளிச்சாதான்பா கூழு. புளிக்கலன்னா களி," என்றாள் அம்மா.

"கம்பெனிக்காரன் பொண்டாட்டி பேசற பேச்சா இது?"

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்போடு வீட்டில் கூழ் நின்றது. பிஸ்கட்டும் பாக்கெட் நூடுல்ஸும் வந்தன. அதே கூழை மாமல்லபுரம் ரிசார்ட்டில் வெள்ளைக்காரர்கள் போட்டோ எடுத்துக் குடிப்பதைப் பின்னாளில் பார்த்தேன். அங்கே நான் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன்.

தம்பிக்கு அப்போது மூன்று வயது. சளிக்குச் சித்தப்பா கிருமியைக் கொல்லும் மாத்திரை ஒன்று கொடுப்பார். காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்தி, மிச்சம் அடுத்த காய்ச்சலுக்கு. மாத்திரையால் பேதி. பேதிக்கு இன்னொரு மாத்திரை. பிள்ளை குச்சியாகிப் போனான்.

ஆடி மாதம் ஊர் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். தம்பி என் சொம்பைப் பிடுங்கிக் குடித்தான். மாதக்கணக்காகப் போய்க்கொண்டிருந்த பேதிக்கு அந்த ஒரு சொம்பு பழி சுமந்தது. "சொன்னேன்ல?" என்றார் சித்தப்பா. அப்பா அம்மாவை அறைந்தார்.

பிள்ளைக்குத் தலை நிற்காமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா மாத்திரை அட்டைகளை மேஜையில் கொட்டிக் கத்தினார்.

"வயித்துக்குள்ள நல்ல கிருமியும் இருக்குதுய்யா! நோயைத் தடுக்கறதே அதுங்கதான். நல்ல சாப்பாடும் குடுக்காம, அதுங்களையும் கொன்னுட்டு வந்து நிக்கிறீங்க!"

வெளியே வந்ததும் சித்தப்பா, "கிருமில நல்லது கெட்டதாம். பேஜாரு கேஸு," என்றார். அப்பா தலையாட்டினார்.

தம்பி பிழைத்தான். ஆனால் நாலு தூறல் விழுந்தால் இன்றைக்கும் படுத்துக்கொள்கிறான்.

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நான் மாரியம்மனைக் கும்பிட்டேன். தம்பி வயிற்றில் ஒரு கிருமிகூட மிஞ்சக் கூடாது, எல்லாம் சாகட்டும் என்று வேண்டினேன். செத்துக்கொண்டிருந்தவை அவன் பக்கம் நின்று சண்டை போட்டவை என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.