வண்டியின் தலையில் ஒரு மாலை

"…அதனால நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்கோ மன்னி, நான் வீட்டு ஃப்ரிட்ஜுக்குத் துணையா இருக்கேன்" என்றாள் என் நாத்தனார். போன வருஷம் விஜயதசமி காலை, கல்கத்தா ஜாதவ்பூரில் எங்கள் அடுக்குமாடி வாசலில், திகா கடற்கரைக்குப் புறப்படத் தயாராக நின்ற வண்டியின் பக்கத்தில்.

அவளுக்குத் தினமும் இன்சுலின். தெர்மாஸில் ஐஸ் போட்டு எடுத்துப் போகலாமே என்றால் நம்ப மாட்டாள். அதனால் வெளியூர் என்றாலே ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்துவிடுவாள். கல்கத்தாவிலேயே இருந்துகொண்டு திகா கடலைப் பார்க்காத ஒரே ஆள் அவளாகத்தான் இருப்பாள்.

அவளை மனதில் வைத்துத்தான் பழைய வேன் ஒன்றை வாங்கி, படுக்கை, அடுப்பு, சின்ன ஃப்ரிட்ஜ் எல்லாம் வைத்து வீடாக மாற்றினோம். மரவேலை என் கணவருடையது, ஒயரிங் என்னுடையது. வீடியோ பார்த்தும், லேக் மார்க்கெட் பக்கத்து பாட்டரிக் கடைக்காரரைக் கேட்டுக் கேட்டும் கற்றுக்கொண்டேன். வண்டியைக் கிளப்ப ஒரு பாட்டரி, வீட்டுச் சாமான்களுக்குத் தனியாக இன்னொன்று. இந்த இரண்டாவதற்குச் சாப்பாடு மூன்று வழியில் வரும்: எஞ்சின் ஓடினால், பிளக்கில் போட்டால், கூரையில் இருக்கும் சோலார் பலகையில் வெயில் பட்டால். பாட்டரி பசித்தாலும் வாய் திறந்து கேட்காது, நாம்தான் பார்த்துப் போட வேண்டும் என்று அந்தக் கடைக்காரர் ஹிந்தியில் அடிக்கடி சொல்வார்.

முதல் நாள் ஆயுத பூஜை. வண்டிக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் ஆயிற்று. சார்ஜர் ஒயரையும் பாட்டரியை அளக்கும் என் மீட்டரையும் சாமி முன்னால் வைத்துவிட்டோம். மறுநாள் புனர்பூஜை முடியும்வரை தொடக்கூடாது, வண்டியையும் கிளப்பக்கூடாது. பரவாயில்லை, வெயில் இருக்கிறதே என்று ஃப்ரிட்ஜை மட்டும் ஓடவிட்டேன்.

காலையில் பார்த்தால் ஃப்ரிட்ஜ் நின்று கிடந்தது. பூஜையை முடித்து மீட்டரை எடுத்தேன். பாட்டரி பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. முனைகள் இறுக்கமாக இருந்தன, தண்ணீர் அளவும் சரி. பிளக்கில் போட்டேன், ஏற ஆரம்பித்தது. நாத்தனார் அசையவில்லை. இங்கே பிளக் இருக்கிறது, கடற்கரையில் யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அங்கே சோலாரைத்தான் நம்ப வேண்டும். அதுவோ சுள்ளென்று அடிக்கிற வெயிலிலும் ஏதோ பேருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் கிளம்பாவிட்டால் துர்கை விசர்ஜன ஊர்வலங்களில் மாட்டிக்கொள்வோம்.

அப்போதுதான் மூன்றாம் மாடியில் இருக்கும், நாங்கள் பௌதி (அண்ணி) என்று கூப்பிடும் வங்காளி மாமி, துணி உலர்த்த பால்கனிக்கு வந்தவர், எட்டிப் பார்த்து வங்காளியில் கேட்டார்: "என்ன, வண்டிக்கு இன்னிக்குக் கல்யாணமா? தலையில இவ்வளவு பெரிய மாலை!"

ஏணி போட்டு ஏறினேன். சோலார் பலகையின் குறுக்கே கனமான சாமந்தி மாலை. பலகைக் கட்டங்களில் வரிசைக்கு ஒன்றாக உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். கீழே என் கணவர் ஒன்றும் தெரியாதவர் போலத் துர்கை பந்தல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நமக்கு கரண்ட் குடுக்கறதே அதுதானே. அதுக்குப் பொட்டு வெக்காம வேற எதுக்கு வெக்கறது?" என்றார்.

"அண்ணா, வெயிலைப் பார்க்கற கண்ணே அதுதான். கண்ணுல சந்தனத்தை அப்பிட்டு, பார்க்க மாட்டேங்கறதுன்னா?" என்று நாத்தனார் சிரிக்க ஆரம்பித்தாள். மேலே பௌதியும் சிரித்தார், பாஷை புரியாமலே. பலகையில் இருக்கும் கட்டங்கள் கைகோத்த மாதிரி ஒன்றோடொன்று இணைந்தவை, சிலவற்றை மூடினால் மொத்தமும் தளர்ந்துவிடும். ஈரத் துணியால் துடைக்கத் துடைக்க, கீழே நாத்தனார் மீட்டரைப் பார்த்து எண்ணை உரக்கப் படித்தாள். கடைசிப் பொட்டு போனதும் எண் விறுவிறுவென்று ஏறியது. மாலையை இறக்கி முன்கண்ணாடிக்குக் கீழே கட்டினோம். ஃப்ரிட்ஜ் மறுபடி மெல்ல முனக ஆரம்பித்தது.

வாய் திறந்து கேட்காதது பாட்டரி மட்டுமில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, இன்றைக்கும் வீட்டில் யாராவது 'எனக்கு வேண்டாம்' என்றால், எது மறைக்கிறதென்று ஒருதரம் மேலே ஏறிப் பார்த்துவிடுகிறேன். ஏனென்றால் வண்டி ஃப்ரிட்ஜுக்குள் கைவிட்டுக் குளிர்ச்சியைப் பார்த்த நாத்தனார், நேரே மாடிக்குப் போய், இன்சுலின் டப்பாவைக் கொண்டுவந்து தன் கையாலேயே உள்ளே வைத்துவிட்டு, எங்களுக்கு முன்னால் ஏறி ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.