ஜாபர் அலிக்குத் திரும்பிய பெயர்கள்

"பாண்டியம்மா மவன் சீமையில கண்ணாடிச் சாடிக்குள்ள மனுச மூளைய வளக்கானாம். அது தமிழ் பேசுதாம்." விளாத்திகுளம் பஸ்ஸில் யாரோ யாரிடமோ சொன்னது அம்மா காதுக்கு எட்டிவிட்டது. "ஒனக்கு வேற வேல கெடைக்கலையாலே?" என்று கேட்டு, யாரையோ பிடித்து எனக்குக் கடிதம் எழுத வைத்திருந்தாள்.

சாடியும் இல்லை, மூளையும் இல்லை. எடின்பரோவில் ஒரு பல்கலைக்கழக அறை, அதில் ஒரு கணிப்பொறி. அதற்குள் நரம்பணுக்களைப் போல ஒன்றோடொன்று பின்னிய சில நூறு எண்கள். பெயரில் பாதியைக் கொடுத்தால் மீதியை அந்த வலை நினைவுகூர வேண்டும். இந்த 1987இல் என் பிழைப்பு அவ்வளவுதான். ஆனால் அந்த வேலையை நான் முதன்முதலில் பார்த்தது கோவில்பட்டி தபால் நிலையத்தில், ஜாபர் அலியிடம்.

கடிதங்களைப் பிரிக்கும் பலகைக்கு முன் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவர் அவர். எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு குலசாமி பெயர்தான். ஒரே தெருவில் நாலு சங்கரபாண்டி, மூன்று உக்கிரபாண்டி இருப்பார்கள். நானே ஒரு சுந்தரபாண்டி. கடிதம் போடுகிறவர்கள் கதவு எண்ணும் எழுதமாட்டார்கள். ஜாபர் அலி எழுத்துக் கூட்டிப் படித்து நான் பார்த்ததில்லை. கையெழுத்தின் சாய்வு, ஊர் முத்திரை, உறையில் ஏறியிருக்கும் மிளகாய் வத்தல் நெடி, எல்லாம் சேர்ந்து அவருக்கு ஆளைக் காட்டிவிடும்.

1981 ஐப்பசியில், மேற்படிப்புக் கடிதத்துக்காக நான் தினமும் அவர் முன்னால் போய் நின்றேன்.

"ஏலே, உன் கடுதாசி கப்பல்ல வருதா, நீந்தி வருதா?" என்பார்.

நீந்தித்தான் வந்தது. மழையில் மை கரைந்து, பெயரில் 'பாண்டி' மட்டும் மிஞ்சியிருந்தது. தயங்காமல் என் கையில் கொடுத்தார்.

"எப்படி பாய் கண்டுபிடிச்சிய?"

"சீமைத் தபால்தலை. பேரு பாண்டின்னு முடியுது. தெனம் வந்து என் உயிர எடுக்குற பாண்டி நீ ஒருத்தன்தானலே?"

பதில் எழுத நான்கு நாள்தான் மிச்சம் இருந்தது. அந்த உறை திரும்பிப் போயிருந்தால் நான் இங்கே இல்லை.

இந்த மாசியில் அவருக்கு மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டது. கைகால் தப்பிவிட்டது, பெயர்கள் கலைந்துவிட்டன. மனைவி ஷாஜாதியைத் தங்கை மெஹருன்னிசா பெயரால் கூப்பிட்டார். சங்கரபாண்டி கடிதத்தை உக்கிரபாண்டிக்கு ஒதுக்கினார். புத்தி போய்விட்டது என்று தானே முடிவுகட்டி, பேச்சையே நிறுத்திக்கொண்டார். ஆனியில் மேலதிகாரி வந்து சோதிப்பார், பிரிக்க முடியாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஊரிலிருந்து தகவல் வந்தது.

கேட்டதும் என் கணிப்பொறி வலைதான் நினைவுக்கு வந்தது. என் வலையில் சில இணைப்புகளை அறுத்தால் அதுவும் இதே தப்பைத்தான் செய்யும். கண்டபடி உளறாது, நெருங்கிய பெயரைச் சொல்லும். ஒவ்வொரு நினைவும் எல்லா இணைப்புகளிலும் பரவிக் கிடப்பதால் அப்படி. அறுத்த வலைக்குப் பத்துப் பெயரை மறுபடி பழக்கினால், பழக்காத பெயர்களும் கொஞ்சம் திரும்பி வருகின்றன. எனக்கு முன்பே இதைக் கண்டு எழுதியவர்கள் உண்டு. மனிதருக்கும் பொருந்துமா என்று எனக்குத் தெரியாது. அந்தச் சந்தேகத்தை விழுங்கிக்கொண்டு, அவர் வீட்டுக்கு எதிரே இருக்கும் நல்லக்கண்ணு மருந்துக்கடைக்குப் போன் போட்டு ஷாஜாதியை அழைக்கச் சொன்னேன்.

"தெனம் பத்துப் பேரு சொல்லிக் குடுங்கக்கா. பாய் பேருல இருந்தே ஆரம்பிங்க."

"அவிய பேரயா? முப்பது வருசத்துல என் வாயில வந்ததில்ல தம்பி. நல்ல வைத்தியம் சொன்ன, போ!"

புருஷன் பெயரைச் சொல்லாத ஊரில் பிறந்தவன், அதைக்கூட மறந்திருந்தேன்.

ஷாஜாதி ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய உறைகளில் பத்துப் பெயரை எழுதினார், கணவர் பெயரையும் சேர்த்து. ஒவ்வொன்றாக அவர் முன் வைத்தார். தன் பெயர் எழுதிய உறையை ஜாபர் அலி வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "இந்த ஆளு வெளிய போறதே இல்ல. இங்கனயே போட்டுரு" என்றாராம். நோய்க்குப் பிறகு அவர் அடித்த முதல் கிண்டல் அது.

அடுத்த முறை ஷாஜாதியின் குரல் போனைப் பிய்த்துக்கொண்டு வந்தது. "தம்பி, நேத்து சிவனாண்டி அண்ணாச்சி சைக்கிள்ல போனாவ. இவிய, அண்ணாச்சி பேரச் சரியாச் சொல்லிக் கூப்பிட்டுட்டாவ! அந்தப் பேர நான் எழுதவே இல்ல, கேட்டியா?"

என் வலை சொன்னது பலித்ததா, தானாக ஆறியதா, ஷாஜாதியின் பொறுமையா, எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் சரி. நனைந்த உறையைக் கையில் வாங்கிய அன்று அவருக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை, அப்படியே ஓடிவிட்டேன். ஆறு வருடம் கழித்து, போனைக் கையில் பிடித்தபடி அந்த நன்றியை அவர் மனைவியிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். "எதுக்குத் தம்பி அழுத?" என்று அவர்தான் என்னைத் தேற்றினார்.

இன்று சோதனை. இங்கே மதியம் பன்னிரண்டரை, அங்கே மாலை ஐந்து. முடிவு தெரிந்ததும் மருந்துக்கடையில் வந்து நிற்பதாக ஷாஜாதி சொல்லியிருந்தார். வெளிநாட்டு அழைப்புக்கான ஆபரேட்டர் இணைப்புக் கொடுத்துவிட்டார். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. கடைக்காரர் நல்லக்கண்ணு இந்நேரத்தில் கடையை விட்டு நகர்கிறவர் இல்லை. நல்ல சேதி கேட்டுத் தபால் நிலையத்துக்கு ஓடியிருப்பாரோ? இல்லை, ஜாபர் அலியைத் தாங்கிப் பிடிக்க ஓடியிருப்பாரோ?

"யாரும் எடுக்கவில்லை. துண்டித்துவிடலாமா?" என்று ஆபரேட்டர் கேட்கிறார்.

"வேண்டாம். இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும்" என்கிறேன்.