கரண்டி படாத மீன்

ஜெர்சி சிட்டியில் எங்கள் வீட்டுச் சொந்தக்கார அம்மாள் குரோஷியாவில் ஏதோ ஒரு தீவில் பிறந்தவர். எங்களுக்கு மேல்மாடியில் இருந்தார். மீன் வாசனைக்கு வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ என்று பயந்து ஆறு மாதம் நான் மீனே வாங்கவில்லை.

ஒரு ஞாயிறன்று கணவர் நச்சரித்ததால், ஜன்னல்களைத் திறந்துவிட்டுக் குழம்பு வைத்தேன். கதவு தட்டிய சத்தம். திறந்ததும் அந்த அம்மாள் நேராக அடுப்பருகே வந்து நின்றார். மீன் உடைந்துவிடாமல் சட்டியை இரண்டு பக்கமும் பிடித்து மெல்லச் சுழற்றினேன்.

உடனே என் கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துப் போனார். அங்கே தக்காளியும் வெங்காயமும் ஒயினும் சேர்த்து மீன் கொதித்துக்கொண்டிருந்தது. அவரும் என்னைப் போலவே சட்டியைச் சுழற்றினார்.

"நோ ஸ்பூன்!" என்று சிரித்தார்.

சோளமாவுக் களியில் ஊற்றிக் கொடுத்தார். காரமே இல்லை. ஆனால் மீன் ஒரு துண்டுகூட உடையவில்லை, அப்படி ஒரு பக்குவம். எட்டாவதோடு படிப்பை விட்ட நான், தெரிந்த இங்கிலீஷில் "குட், குட்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கீழே வந்ததும் கணவர் கேட்டார், "என்ன, காலி பண்ணச் சொல்லிட்டாங்களா?"

"அடுத்த வாரம் நம்ம குழம்பு வேணுமாம். காரம் ஒத்துக்காம போயிட்டா என்னங்க பண்றது?"