ஜட்ஜ் குடிக்காத தண்ணீர்

மொகயோன் மலைச்சரிவில் ரொசெந்தோ இருபத்திரண்டு வருஷம் வெள்ளி தேடிக் குடைந்தார். கிடைத்தது கல்லும் இருமலும்தான். வீட்டில் அடுப்பெரிந்தது அவர் மனைவி ஒதீலியா மேய்த்த பதினோரு மாடுகளால். அதை ஒருநாளும் அவர் வாய்விட்டு ஒத்துக்கொண்டதில்லை. மனுஷருக்கு அவ்வளவு வீம்பு.

அந்த வருஷமும் மழை பொய்த்தது. ஓடை வறண்டு, மாடுகள் ஈர மணலை நக்கிக்கொண்டு நின்றன. இன்னும் நாலு நாள் தாங்காது என்று இருவருக்கும் தெரியும். அப்போதுதான் சுரங்கத்தின் கோடியில் அவர் கடப்பாரையைப் போட, தண்ணீர் பீறிட்டு வந்து வெளியே குட்டையாகத் தேங்கியது. கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர். ரொசெந்தோ மண்டியிட்டு அழுதேவிட்டார்.

அந்த மலையில் புதுத் தண்ணீர் எதுவானாலும் முதலில் கழுதைக்குக் காட்டுவார்கள். அது குடித்தால்தான் மற்ற உயிர். அவர்களுடைய கழுதைக்கு ஜட்ஜ் என்று பெயர். எதையும் வெகுநேரம் யோசித்துத்தான் செய்யும். ஜட்ஜ் முகர்ந்து பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"வேண்டாங்க," என்றாள் ஒதீலியா. "தாகத்துல நாக்கு தள்ளி நிக்குது. அப்பவும் குடிக்கலன்னா என்னமோ இருக்கு."

"இது என்னைக்கு நம்ம சொன்னதைக் கேட்டுச்சு?"

"நீங்க ஒரு வாய் குடிச்சுப் பாத்தீங்களா?"

ரொசெந்தோ குட்டைப் பக்கம் திரும்பாமல் கழுதையின் கயிற்றைக் கையில் சுருட்டினார்.

"ஆத்துக்கு ஓட்டிட்டுப் போயிடலாங்க. ரெண்டு நாள் நடைதானே."

"பாதி வழியிலயே விழுந்துரும். இத்தனை வருஷம் கழிச்சு இந்த மலை எனக்கு ஒண்ணு குடுத்திருக்கு. அதையும் கழுதையக் கேட்டுத்தான் எடுத்துக்கணுமா?"

ஜட்ஜின் முதுகில் கயிற்றால் ஒன்று வைத்துவிட்டு, மாடுகளை அடைத்திருந்த வேலிப் படலைத் திறந்தார். மாடுகள் முட்டி மோதிக் குடித்தன.

பாறையில் விஷம் ஊறிக் கிடந்திருக்கிறது. மறுநாள் மதியத்துக்குள் ஆறு விழுந்தன. அதற்கடுத்த நாள் மீதி ஐந்தும். ஒதீலியா ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாள்; பிறகு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஊரார் மாடுகளாவது பிழைக்கட்டும் என்று ரொசெந்தோ கல் சுமந்து, குட்டையைத் தூர்த்து, தான் குடைந்த சுரங்கத்தின் வாயைத் தன் கையாலேயே அடைத்தார். வெயில் சாய்வதற்குள் முடிந்துவிட்டது. பிறகு வீட்டுப் பானையில் மிச்சமிருந்த குடிதண்ணீரைத் தொப்பியில் ஊற்றி ஜட்ஜின் முன்னால் நீட்டினார்.

அது தண்ணீரை முகர்ந்தது. அவர் கையை முகர்ந்தது. குடிக்கவில்லை.

"குடிடா. என் தப்புதான்," என்றார்.

அது அசையவில்லை. ரொசெந்தோ தொப்பியைத் தன் வாய்க்குக் கொண்டுபோய், அதன் கண்ணெதிரே ஒரு மிடறு குடித்தார். அதன் பிறகுதான் ஜட்ஜ் தலையைத் தாழ்த்தித் தொப்பியில் வாய் வைத்தது.