பதிலுக்காகச் சிட்டு விட்ட இடைவெளி

சிட்டு, இந்தப் பெயர் சொல்லி உன்னைக் கூப்பிட நானும் உன் அண்ணனும்தான் இருந்தோம். கல்லூரியில் நீ மகேஸ்வரி. உன்னோடு எம்.இ. படித்தவர்கள் உன் நினைவாக ஒரு மலர் போடுகிறார்கள். அதில் உன் அண்ணன் பெண்டாட்டி, உன் நங்கை நானும் எழுத வேண்டும் என்று உன் தோழி ரோஸ்லின் கேட்டாள். எட்டாவதோடு நின்றவள் நான். தப்பு இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சேதி வந்தபோது பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நின்றுகொண்டிருந்தேன். காய்ச்சல் முற்றி அவளைக் கோவையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். என் வீட்டுக்காரர், அதாவது அவள் அண்ணன், கூடவே இருந்தார். சூப்பர்வைசர் தன் போனைக் கொண்டுவந்து என் காதில் வைத்தார். "சிட்டு போயிட்டா" என்றார் அவள் அண்ணன். நான் கையில் இருந்த பனியனைத் திருப்பி, அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து நெஞ்சுப் பக்கம் ஒட்டினேன். ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் அந்த இடத்தைக் காட்ட அப்படி ஒட்டுவோம். அதன்பிறகுதான் மேசையை விட்டு நகர்ந்தேன். மறுபடி வேலைக்குப் போன அன்று பக்கத்து மேசை சாந்தி, "அந்தப் பீஸ்ல என்னத்தப் பாத்து ஒட்டுனீங்கக்கா? லைட்டுல புடிச்சுத் தேடியாச்சு. ஒண்ணுமே இல்லீங்க" என்றாள். எனக்கு அங்கே ஓட்டை தெரிந்தது. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

நான் கல்யாணமாகி மங்கலத்துக்கு வந்தபோது சிட்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளை. மாமனாரும் மாமியாரும் போன பிறகு எங்களோடுதான் இருந்தாள். கரண்ட் படிப்பை முடித்து, அவிநாசிப் பக்கம் ஒரு நிட்டிங் கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலைக்குப் போனாள். பிறகு ஒருநாள் வேலையை விட்டுவிட்டு எம்.இ. சேர்ந்தேன் என்று வந்து நின்றாள். "ஃபியூஸ் போடறதுக்கு இன்னும் எத்தன படிக்கோணும்?" என்றார் அவள் அண்ணன். "ஃபியூஸ் ஏன் போச்சுன்னு சொல்றதுக்குங்கண்ணா" என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு மறுப்பது எப்படி?

முதல் தடவை இரண்டு பேப்பர் போய்விட்டது. படிக்காமல் போகவில்லை. பஸ்ஸில், சமையல்கட்டில், எங்கேயும் கையில் புத்தகம்தான். ஒவ்வொரு வரிக்கும் கலர் கலராகக் கோடு போட்டு, அவள் நோட்டைப் பார்த்தால் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும். மார்க் வந்த அன்று சோறு எடுக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் அவசர ஷிப்மென்ட். ஆள் பற்றாது என்றதால் அவளையும் கூட்டிப்போனேன். ஒரு பனியனைப் பார்த்து வைப்பாள், அதையே எடுத்து மறுபடி பார்ப்பாள். எனக்குக் கோபம் வந்தது. "நல்ல பீஸை எதுக்கு அம்மணி திருப்பித் திருப்பிப் பாக்கறே? ஸ்டிக்கர் ஒட்டுனதத் தனியாப் போடு. அதைச் சரி பண்ணிக் கொண்டு வந்தா, அதை மட்டும் மறுபடி பாரு. இல்லீனா பொழுதுக்கும் இங்கயே நிக்கோணும்."

அவள் பனியனைப் பிடித்தபடியே நின்றாள். "நங்கை, இத்தன நாளா நான் நல்ல பீஸையேதான் திருப்பித் திருப்பிப் படிச்சிருக்கேன்" என்றாள்.

வீட்டுக்கு வரும்போது சூப்பர்வைசரைக் கேட்டு ஒரு சுருள் ஸ்டிக்கர் வாங்கி வந்தாள். அன்றிலிருந்து அவள் படிப்பு மாறிவிட்டது. ஒரு பாடம் படித்ததும் புத்தகத்தை மூடிவிடுவாள். தானே கேள்வி கேட்டுத் தானே பதில் சொல்வாள். வராத கேள்விக்கு அம்புக்குறி. இரண்டு நாள் கழித்து அதை மட்டும் எடுப்பாள். பார்க்காமல் சொல்ல வந்தால் உரித்துவிடுவாள். "புஸ்தகம் தொறந்திருந்தா எல்லாந் தெரிஞ்ச மாதிரியேதான் இருக்கும் நங்கை. மூடுனாத்தான் நம்ம லட்சணம் தெரியும்" என்பாள்.

பிறகு கேள்விகளைப் போனில் பேசிப் பதிவு செய்தாள். எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டி விசைத்தறிக் குடோன். தறி ஓடினால் முகத்துக்குப் பக்கத்தில் வந்து பேசினால்தான் கேட்கும். அதனால் கரண்ட் போகும் நேரம் பார்த்துப் பதிவு செய்வாள். ஒரு கேள்வி, பிறகு பதில் சொல்லச் சத்தமில்லாத இடைவெளி, பிறகு அடுத்த கேள்வி. சாயங்காலம் ஆறு மணிக்கு அலாரத்துக்குப் பதில் அந்தக் குரலே கூப்பிடும்படி வைத்திருந்தாள். போனை எங்கள் இருவர் முகத்துக்கும் நடுவில் பிடித்து நாற்காலியில் உட்காருவாள். எதிரில் ஸ்டிக்கரோடு நான்.

அவள் சொல்வதில் எனக்கு ஒன்றும் விளங்காது. ஆனால் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லும்போது கண் ஃபேனுக்குப் போய்விடும். "ஒட்டட்டுமா?" என்பேன். "கொஞ்சம் பொறுங்க நங்கை, வந்துரும்." வராது. ஒட்டிவிடுவேன். என்னைக் கேலி செய்யவே பதிவில் ஓர் இடைவெளிக்குள், "நங்கை, நான் மேல பாக்கறனா?" என்று பேசி வைத்திருந்தாள். அந்த இடம் வரும்போதெல்லாம் இருவரும் சிரிப்போம். அடுத்த பரீட்சையில் எல்லாப் பேப்பரும் தேறினாள்.

அவள் போன பிறகும் அவள் அண்ணன் அந்தப் போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டே இருந்தார். விஷயம் தெரியாதவர்கள் கூப்பிட்டால் சொல்ல வேண்டுமே என்று அலமாரி மேல் வைத்திருந்தார்.

கருமாதி முடிந்த சாயங்காலம், சொந்தக்காரர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று கரண்ட் போனது. தறிகள் எல்லாம் நின்றன. அந்த அமைதியில் அலமாரி மேலிருந்து சிட்டு கேட்டாள். "ஃபால்ட் வந்ததும் பின்னால இருக்கற ரிலே ஏன் ஒடனே வெட்டறதில்லை? எதுக்காகக் காத்திருக்குது?"

அந்த இடைவெளி முழுக்க எல்லோரும் அவளுக்குப் பதில் தெரியாதவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். பிறகு அடுத்த கேள்வி. அதன் இடைவெளிக்குள் அதே குரல், "நங்கை, நான் மேல பாக்கறனா?" என்றது. நான் அவள் நாற்காலியைப் பார்த்தேன். என் விரல்கள் ஸ்டிக்கர் உரிப்பதுபோல் ஒன்றோடொன்று தேய்ந்துகொண்டிருந்தன.

என் வீட்டுக்காரர் எழுந்து போய்ப் போனை அமுக்கினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது இன்று மட்டும் கூப்பிடவில்லை. தினமும் ஆறு மணிக்குக் கூப்பிட்டிருக்கிறது. தறிச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை. நாங்கள் அழுதபோதும், சாப்பிட்டபோதும், அவள் கேட்டுவிட்டுக் காத்திருந்திருக்கிறாள்.

"போனவ கொரலு ஊட்டுக்குள்ள கேக்கக்கூடாது. மாசம் திரும்பறதுக்குள்ள எல்லாத்தையும் அழிச்சுப்போடறேன்" என்றார் அவர். கோபமில்லை, பயம். எனக்கும் பயம்தான். ஆனால் அழித்துவிட்டால் அவள் குரல் என்று வேறெதுவும் எங்களிடம் இல்லை. "வேண்டாமுங்க" என்றேன். அவர் போனை மறுபடி அலமாரி மேல் வைத்தார்.

அந்த வாரமே, கரண்ட் போய்த் தறி நின்றிருந்த ஒரு சாயங்காலம் ரோஸ்லின் வந்தாள். அவளும் சிட்டுவும் சேர்ந்து எழுத வேண்டிய பரீட்சை அடுத்த மாதம். "அக்கா, அவ கேள்வியெல்லாம் ஒருதடவ கேட்டுக்கறனுங்க" என்றாள். அவளை அதே நாற்காலியில் உட்கார வைத்தேன். வேறு நாற்காலி போட்டிருக்கலாம். ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. ரிலே கேள்வி வந்தது. "கோளாறுக்குப் பக்கத்துல இருக்கற ரிலே மொதல்ல கரண்டை வெட்டோணும். அது வெட்டலீனாத்தான் பின்னால இருக்கறது வெட்டும். அதுக்காகத்தான் காத்திருக்குது" என்று எனக்கும் புரியும்படி சொன்னாள் ரோஸ்லின். அடுத்த கேள்விக்கு அவள் கண் மெல்ல மேலே, ஃபேனுக்குப் போனது. சிட்டு போலவே கழுத்தைச் சாய்த்துப் பார்த்தாள். "நங்கை, நான் மேல பாக்கறனா?" என்றது போன். ரோஸ்லினுக்கு முகம் வெளுத்துவிட்டது.

என் கை தானாக ஒரு ஸ்டிக்கரை உரித்து அவள் தாளில் ஒட்டியது. கதவருகில் சத்தம் கேட்டுத் திரும்பினேன். என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். அவரும் ஃபேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் புள்ள பரீட்ச முடியட்டும். ஆறு மணி அலாரம் மட்டும் அடிக்காமப் பண்ணீரலாம்" என்றார். ரோஸ்லின் பரீட்சை எழுதிவிட்டாள். அழிப்பது பற்றி அவர் அதற்குப் பிறகு பேசவில்லை.

அவளைத் தெரிந்தவர்களே, அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தச் சுருளில் மீதியிருக்கும் ஸ்டிக்கரும் கடைசிப் பதிவும். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய பதிவு அது. பாடக் கேள்விகள் முடிந்த பிறகு, "நங்கை, இப்ப உங்களுக்கு ஒரு கேள்வி" என்கிறாள். அவள் வாய் திறக்கும்போதே கரண்ட் வந்துவிட்டது. தறிகள் ஓடத் தொடங்கின. அவள் பேசுவது தெரிகிறது, சொல் தெரியவில்லை. பேசி முடித்து, எனக்காக இடைவெளியும் விட்டிருக்கிறாள். காதில் ஒட்டிவைத்துக் கேட்டுக் கேட்டு, அந்த இடைவெளி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றுகூட எனக்குப் பழகிவிட்டது. அங்கே வரும்போதெல்லாம் பதில் சொல்ல வாயைத் திறக்கிறேன்.

சிட்டு, என்னிடம் என்ன கேட்டாய்?